மொட்டை வண்டியும் கூண்டு வண்டியும்: கம்பம் பள்ளத்தாக்கில் கூரை திறக்கும் கார்

மாட்டுவண்டியே ஊர்தியாக இருந்த காலத்தில் கம்பம், போடிப் பக்கத்து ஊர்களில் வண்டி இரண்டு வகையாக இருந்தது. மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்து, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்தது கூண்டு வண்டி. புகுந்த வீட்டுக்குப் போகும் பெண், பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், நடக்க முடியாத பெரியவர், பண்ணைக்காரர் எல்லாரும் அதில் போவார்கள். கூரை இல்லாதது மொட்டை வண்டி. அதில் எரு போகும், நெல்கட்டு போகும், விறகு போகும். கூலியாள் அந்தச் சுமையின்மேல் உட்கார்ந்து வெயில் தாங்கிப் போவார். கூரை மரியாதையாகவும் கூரையின்மை உழைப்பாகவும் இருந்தன. குடை அரசனுக்கு அடையாளமான நாட்டில் இது இயல்பு. இன்றைய கார்ச் சந்தையில் இந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. 2023 ஜூனில் மெர்சிடிஸ்-ஏ.எம்.ஜி. எஸ்.எல். 55 என்ற கூரை திறக்கும் கார் இந்தியாவுக்கு வந்தபோது அதன் ஷோரூம் விலை 2.35 கோடி ரூபாய். ஒரே காரில் மூடிய வடிவமும் திறக்கும் வடிவமும் கிடைத்தால், பெரும்பாலும் திறப்பதற்குத்தான் விலை கூடுதல். மொட்டை வண்டி எப்படிக் கூண்டு வண்டியைவிட உயர்ந்தது, அந்த உயர்வுக்குத் தேனி மாவட்டத்துச் சாலைகளில் ஏதாவது பொருள் உண்டா என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் இந்தத் தலைகீழ் மாற்றம் நடந்த விதம். கார் பிறந்தபோது எல்லாக் கார்களுமே ஏறக்குறைய மொட்டைதான். குதிரை வண்டிக்கு எஞ்சின் பூட்டியது போன்ற அந்த ஊர்திகளில், மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ள ஒரு கான்வாஸ் மேலாப்பு இருக்கும், அவ்வளவுதான். மரச்சட்டமும் தகரமும் கண்ணாடியும் வைத்து முழுக்க மூடுவது செலவான வேலை. அதனால் மூடிய கார் பணக்காரர் வீட்டுக் கார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் தந்த கணக்குப்படி, 1919-இல் அமெரிக்கக் கார்களில் மூடியவை 10 சதவீதம். 1927-இல் 85 சதவீதம். எட்டே ஆண்டில் உலகம் கூரைக்குள் போய்விட்டது. எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி உடற்கூடு செய்யும் முறை மலிவானதும், எசெக்ஸ் போன்ற நிறுவனங்கள் மூடிய காரைத் திறந்த காரின் விலைக்கே தந்ததும் இதற்குக் காரணங்கள். ஆக, மக்கள் வாய்ப்புக் கிடைத்த உடனே கூரையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் கூரை வந்த பிறகு, கூரை வேண்டாம் என்று சொல்வது சிலருக்கு மட்டும் கட்டுப்படியாகும் விருப்பமாயிற்று. வெயில் அரிதான வட ஐரோப்பாவில் அந்த விருப்பத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. ஆண்டில் சில வாரமே காயும் வெயிலைத் தலையில் வாங்குவது அங்கே கொடுப்பினை.

எஸ்.எல். போன்ற கார்களுக்கு வழங்கும் 'கிராண்ட் டூரிங்' என்ற சொல்லின் கதை வேறு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பிரபு வீட்டு இளைஞர்கள் படிப்பின் நிறைவாகப் பிரான்ஸ் வழியே இத்தாலிவரை மாதக்கணக்கில் போய்வந்த பயணத்துக்கு 'கிராண்ட் டூர்' என்று பெயர். இத்தாலியக் கார்க்காரர்கள் அந்தப் பெயரை 'கிரான் டூரிஸ்மோ' என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளில் பல நூறு கிலோமீட்டர் வேகமாகப் போக வேண்டும், இறங்கும்போது உடம்பு வலிக்கக் கூடாது, இருவருக்கான பெட்டி வைக்க இடம் வேண்டும். இதுதான் இலக்கணம். இந்த வகைக்கு முன்மாதிரியாகப் பலரும் காட்டும் லான்சியா அவுரேலியா பி20 ஜி.டி. 1951-இல் வந்தது, அது கூரையுள்ள கார். அதன் திறந்த உடன்பிறப்பான பி24 ஸ்பைடர் பிற்பாடுதான் வந்தது. நெடுந்தூரம், வேகம், அலுப்பின்மை மூன்றும் சேர வேண்டுமானால் கூரை வேண்டும் என்பதை அந்தப் பொறியாளர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார்கள். திறந்த கிராண்ட் டூரர் என்பது ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு ஆசைகளை ஒரே உடற்கூட்டில் கட்டிவைத்த ஏற்பாடு. நான் நிறுவ விரும்புவது இதைத்தான்: வேகமும் திறப்பும் பகைப்பவை, கம்பம் பள்ளத்தாக்கு போன்ற நிலத்தில் அந்தப் பகை பளிச்சென்று வெளிப்படுகிறது, அங்கே திறப்பு வெல்கிறது, வேகம் தோற்கிறது.

பொறியியல் இதற்கு நேரடிச் சான்று. காரின் கூரை வெறும் நிழற்குடை இல்லை. தீப்பெட்டியின் மேலுறை போல, முறுக்கினால் வளையாமல் காரைப் பிடித்து வைத்திருப்பது அது. உறையை எடுத்துவிட்டு உள்பெட்டியைக் கையில் முறுக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கூரையை எடுத்த காரில் கதவுக்குக் கீழே ஓடும் விட்டத்தையும் முன்கண்ணாடித் தூணையும் தடித்த எஃகால் வலுப்படுத்த வேண்டியிருக்கிறது. கூரை மடியும் இயந்திரத்தையும் சேர்த்தால், மூடிய வடிவத்தைவிட எடை நூறு கிலோவுக்கு மேலும் கூடலாம். உருண்டால் தலை காக்க வேறொரு ஏற்பாடு வேண்டும். 1989-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். காரில், கார் கவிழப் போவதை உணர்ந்து நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கைக்குப் பின்னால் எழும் வளைவுத் தண்டு இருந்தது. அதே காரில்தான் இன்னொன்றும் வந்தது. ஓடும் காரில் முன்கண்ணாடியைத் தாண்டிப் போகும் காற்று பின்னால் சுழன்று பயணிகளின் பிடரியில் அறையும். அதைத் தடுக்க ஒரு வலைத் திரை. 2004-இல் அந்த நிறுவனம் இருக்கையின் தலைச்சாய்விலிருந்து கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்றை ஊதும் ஏற்பாட்டைச் சேர்த்தது. 2010-இல் முன்கண்ணாடி உச்சியிலிருந்து எழுந்து காற்றைத் தலைக்கு மேலே தள்ளிவிடும் சிறகு ஒன்று வந்தது. வரிசையைப் பார்த்தால் இவ்வளவு அறிவும் எதற்குச் செலவானது என்று புரியும். திறந்த காருக்குள் வரும் காற்றை வரவிடாமல் செய்யத்தான் செலவானது.

காது சொல்வதும் இதையே. 2011-இல் வெளியான அமெரிக்க மருத்துவ ஆய்வு ஒன்று கூரை திறந்த கார்களில் ஓட்டுநரின் காதருகே ஒலியை அளந்தது. மணிக்கு சுமார் 88 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலி 85 டெசிபலைத் தாண்டுகிறது. தொழிற்கூடத்தில் நாள் முழுக்க இந்த அளவு ஒலி இருந்தால் காதடைப்பான் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது, பாட்டுக் கேட்க முடியாது. நாற்பதில் போகும்போது இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அருவிச் சத்தம் கேட்கும், பறவை கேட்கும், கூட வருபவர் குரலும் கேட்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவது. வேகம் இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்கு. திறப்பின் இன்பம் இருப்பது கீழ்வேகத்தில். கிராண்ட் டூரர் பிறந்ததோ மேல்வேகத்துக்கு.

இனிப் பள்ளத்தாக்கின் சாலைகள். தேனியிலிருந்து குமுளி சுமார் 60 கிலோமீட்டர். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்களைத் தொட்டுப் போகும் இந்த வழி இன்று தேசிய நெடுஞ்சாலை 183. ஊர்களுக்கு வெளியே புறவழிச்சாலைகளும் வந்துவிட்டன. இரு பக்கமும் 14,707 ஏக்கர் இருபோக வயல், 1895 அக்டோபரிலிருந்து பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்வது. வயல் தாண்டினால் பந்தலில் படர்ந்த பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். லோயர்கேம்ப் வந்ததும் சமவெளி முடிகிறது. மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் பெருங்குழாய்களைப் பார்த்தபடியே ஏற்றம் தொடங்கி, சில கிலோமீட்டரில் 900 மீட்டர் உயரத்தை நெருங்கும் குமுளி. மற்றொரு வழி தேனியிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக மூணாறு போகும் தேசிய நெடுஞ்சாலை 85. முந்தல் சோதனைச் சாவடி தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகள்; சுமார் 1,400 மீட்டரில் போடிமெட்டு. அங்கிருந்து மூணாறுவரையான 42 கிலோமீட்டர் அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. கம்பத்திலிருந்து நேரே ஏறும் கம்பம்மெட்டு வழி மூன்றாவது. சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக, பூக்களின் பெயர் சூட்டிய 18 வளைவுகள் ஏறி ஹைவேவிஸ், மேகமலை போவது நான்காவது. நான்குமே ஒரு மணி நேரத்துக்குள் வேறொரு தட்பவெப்பத்துக்குக் கொண்டுபோகும் வழிகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. போடியில் புழுக்கம், ஐந்தாறு வளைவு தாண்டினால் மூக்கில் ஈரம், மேலே போனால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களின் மணம்.

இந்த மாற்றத்தைக் கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்ட காரில் போகிறவர் பார்க்கலாம், உணர முடியாது. மலை ஏறுகிறோம் என்பதை அவருக்குக் காது அடைப்பதுதான் சொல்லும். வளைவில் நிமிர்ந்து பார்த்தால் அடுத்த வளைவின் சுவர் தலைக்கு மேலே தெரியும். கூரையுள்ள காரில் அந்தக் காட்சி வெட்டுப்பட்டுப் போகிறது. ஆழமான பள்ளத்தாக்குக்குத் திறந்த ஊர்தி ஏற்றது என்பதற்கு இதைவிட எளிய காரணம் வேண்டாம். சமவெளியில் காட்சி பக்கவாட்டில் இருக்கிறது. மலைச்சாலையில் அது மேலேயும் கீழேயும் இருக்கிறது. அந்த வளைவுகளில் எந்த ஊர்தியும் இருபது முப்பதுக்கு மேல் போக முடியாது என்பதும் இங்கே நல்வாய்ப்பு. எதிரே அரசுப் பேருந்து வந்தால் நின்றே ஆக வேண்டும். 476 குதிரைத்திறனும் 295 கிலோமீட்டர் உச்சவேகமும் கொண்ட எஸ்.எல். 55, போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு பழைய ஜீப்பைவிட மிஞ்சிப்போனால் சில நிமிடம் முன்னால் போய்ச் சேரும். 4.7 மீட்டர் நீளமும் 1.9 மீட்டருக்கு மேல் அகலமும் தரையோடு ஒட்டிய வயிறுமாக, மேகமலை வளைவுகளில் அது பட்டுக்கொண்டு திணறவும் செய்யும். மஹிந்திரா தார் ஜீப்பின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். சொகுசு விளையாட்டுக் கார்களுக்கு அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். ஊருக்கு ஊர் வேகத்தடை உள்ள நம் சாலையில் இந்தப் பாதிக்குப் பெரும் பொருள் உண்டு.

வெயிலும் தூசும் காற்றும் உள்ள நாட்டில் கூரையில்லாக் கார் கிறுக்குத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. இதை லேசாகத் தள்ள முடியாது. கம்பம் கணவாய் தமிழ்நாட்டின் நான்கு பெரிய காற்று வழிகளில் ஒன்று; பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி மற்ற மூன்று. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். வைகாசி பிறந்து ஆவணி முடியும்வரை அந்தக் காற்று குலைதள்ளிய வாழையைச் சாய்த்துப் போடும். புழுதியை வாரிக் கண்ணில் கொட்டும். பங்குனி, சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மிஞ்சுவது புரட்டாசி, மார்கழி, தை, மாசி. அதிலும் மார்கழி முழுக்கவும் தைத் தொடக்கமும் ஐயப்ப பக்தர்களின் காலம். அப்போது கம்பம்மெட்டு வழியே ஏறிக் குமுளி வழியே இறங்குமாறு போக்குவரத்தையே ஒருவழியாக்குவார்கள். பேருந்துப் புகைக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டியதுதான். நாள்காட்டியை வைத்துப் பார்த்தால் எதிர்த்தரப்பு வென்றுவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் தமிழர்கள் திறப்பை நாள்காட்டியில் வைத்ததில்லை, நாழிகையில் வைத்தார்கள். மொட்டை மாடியே அதற்குச் சான்று. நண்பகலில் யாரும் மொட்டை மாடியில் உட்கார மாட்டார்கள். அங்கே வடகமும் மிளகாயும்தான் காயும். பொழுது சாய்ந்தால் அதே மாடி வீட்டிலேயே உயர்ந்த இடம். பாய் விரித்து, சோறு பிசைந்து கொடுத்து, நிலவில் படுத்துறங்குவதற்காக ஒரு தலைமுறை காத்திருந்தது. வெப்ப நாட்டில் திறப்பு நேரத்தைப் பார்த்து அனுபவிக்கும் பொருள். காலை ஆறு முதல் எட்டரை வரையும், மாலை ஐந்துக்குப் பிறகும் போடிமெட்டுச் சாலை ஆண்டின் பெரும்பகுதியில் கூரை திறக்கத் தக்கது. மலைமேல் ஏறிவிட்டால் பகலும் தக்கது. வடக்கத்திய ஐரோப்பியர் வெயிலுக்காகக் கூரை திறக்கிறார். நாம் திறந்தால் வெயில் போன பிறகு காற்றுக்காகத் திறக்கிறோம். விளம்பரப் படங்களில் உச்சி வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திறந்த காரில் போகும் காட்சி நமக்கு ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம் பொறாமை இல்லை. நம் தோலின் அறிவு.

இந்த மண்ணுக்கென்று ஒரு திறந்த விளையாட்டு ஊர்தியும் உண்டு. தேனி, கம்பம், மதுரைப் பக்கம் திருவிழாவை ஒட்டி நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஓடும் வண்டிதான் அது. கூண்டும் இல்லை, பக்கப் பலகையும் இல்லை; எடையைக் கடைசித் துண்டுவரை குறைத்த இரு சக்கரம், ஒரு சாரதி, ஒரு துணைச் சாரதி. பெரியமாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று மாட்டின் அளவுக்கேற்பப் பிரிவுகள். ஐரோப்பியப் பந்தயக் கார் வகைகளை வரிசைப்படுத்துகிறவர்கள் இந்தப் பெயர்களின் நுணுக்கத்தை ஒரு முறை படிக்க வேண்டும். விளையாட்டுக்காகக் கூரையைத் துறப்பது நமக்கு அந்நியமான எண்ணம் இல்லை என்பதற்கு இது போதும். துறந்தது பந்தயத்துக்காக, சில கிலோமீட்டருக்காக. ஊருக்குப் போக வேண்டுமென்றால் அதே வீட்டார் கூண்டு வண்டியைத்தான் பூட்டினார்கள்.

தமிழ்நாட்டில் கூரை கழற்றத்தக்க கார் ஒன்று உருவாகவும் செய்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் சென்னைக்கு வெளியே வண்டலூரில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தில் 1959-இல் பிறந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலியர் வரைந்தது. அதற்குத் தனி அடிச்சட்டம் இருந்தது. அதனால் கூரை வலுவுக்குத் தேவைப்படவில்லை. போல்ட்டைக் கழற்றினால் கூரையைத் தனியே தூக்கிவிடலாம். பிற்காலத்தில் சிலர் அப்படிச் செய்தும் கொண்டார்கள். ஆனால் ஒரு காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அந்தக் காலத்தில், கிடைத்த காரின் கூரையைக் கழற்ற நினைத்தவர்கள் சிலர்தாம். மலைக்கு வந்து நிலைத்த திறந்த ஊர்தி வேறு. இரண்டாம் உலகப்போருக்காக 1941-இல் பிறந்த வில்லிஸ் ஜீப்பை 1940-களின் இறுதியில் மஹிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. மடக்கும் முன்கண்ணாடி, கான்வாஸ் மேலாப்பு, நான்கு சக்கரத்துக்கும் விசை. ஏலத்தோட்டக்காரர்களுக்கு இதைவிடத் தோதான வண்டி வாய்க்கவில்லை. 1924 பெருவெள்ளம் மூணாற்றின் சிறு ரயிலைக் குலைத்துப் போட்ட பிறகு, மலைக்கும் போடிக்கும் இடையிலான உறவு சாலைகளை நம்பி வளர்ந்தது. அந்தச் சாலைகளில் பிறகு ஆட்சி செய்தது ஜீப். இன்றும் கொழுக்குமலைக்குப் பேருந்து கிடையாது. தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும், கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கித்தான் போக வேண்டும். விடியலைப் பார்க்க அந்தக் குலுக்கலுக்குக் காசு கொடுத்துப் போகிறவர்கள், திறப்பும் நிதானமும் சேர்ந்தால் மக்கள் விரும்புவார்கள் என்பதை நாள்தோறும் மெய்ப்பிக்கிறார்கள். 2020 அக்டோபரில் கான்வாஸ் கூரை வடிவத்தோடும் வந்த புதிய தார், பத்து லட்சத்துக்கும் குறைவாகத் தொடங்கிய விலையில், இரண்டு கோடிக் காரின் மலை இன்பத்தில் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது.

என் வாதத்துக்கு மிக வலுவான மறுப்பு இனிதான். கிராண்ட் டூரர் வேகத்துக்கு மட்டும் உரியது என்று யார் சொன்னது? சென்னையிலிருந்து திருச்சி, திண்டுக்கல் வழியாகத் தேனி ஐந்நூறு கிலோமீட்டர் தூரம். அந்தத் தூரத்தைக் கூரையை மூடிக்கொண்டு அலுப்பில்லாமல் கடந்து, போடி தாண்டியதும் கூரையைத் திறந்து மெதுவாக ஏறலாமே; இரண்டையும் ஒரே ஊர்தி செய்வதற்காகத்தானே அவ்வளவு விலை? மறுப்பின் இந்தப் பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். எஸ்.எல். காரின் கூரை மணிக்கு 60 கிலோமீட்டர்வரை ஓடிக்கொண்டே சுமார் 16 நொடியில் திறக்கும். தாரில் சென்னையிலிருந்து வந்தால் இடுப்பு சொல்லும். ஆனால் இந்த மறுப்பு எதை நிறுவுகிறது என்று பார்க்க வேண்டும். கார் தரும் சொகுசு திறந்த கூரையில் இல்லை, 16 நொடியில் இருக்கிறது. மழை தூறினால் மூடலாம், தூசு வந்தால் மூடலாம், சாரல் நின்றால் திறக்கலாம். வண்டிக்குள் இருப்பவர் தம் விருப்பப்படி வானத்தை வரச் சொல்லவும் போகச் சொல்லவும் முடிகிறது. அன்றைய மொட்டை வண்டிக்கும் இன்றைய திறந்த காருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது.

எஞ்சின் உறுமலைப் பற்றியும் ஒரு சொல். மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அங்கே எட்டு சிலிண்டர் எஞ்சினை உறுமவிடுவதை எந்த இன்பத்தின் பெயராலும் ஏற்க முடியாது. 2025 ஜூலையில் எம்.ஜி. நிறுவனம் முக்கால் கோடி ரூபாய் அளவில் சைபர்ஸ்டர் என்ற மின்சாரத் திறந்த காரை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. கூரை திறப்பது சுற்றியுள்ளதைக் கேட்கத்தான் என்றால், சத்தமில்லாத மோட்டார்தான் அதற்கு இயல்பான துணை. உறுமலை விளையாட்டுக் காரின் உயிர் என்று கொண்டாடுகிறவர்கள் இதை ஏற்கச் சில காலம் ஆகலாம்.

கூரையின்மைக்கு இன்னொரு பயனும் உண்டு: பார்ப்பதற்காக அல்லாமல் பார்க்கப்படுவதற்காக. தேர்தல் வந்தால் ஆண்டிபட்டி, போடி, கம்பம் தெருக்களில் திறந்த ஜீப்பில் நின்று கும்பிட்டு வராத வேட்பாளர் அரிது. 1984-இல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றது விதிவிலக்கு. நகரத்தில் திறந்த சொகுசுக் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கும் இந்தப் பயனே முதன்மையோ என்று ஐயப்பட இடம் உண்டு. அப்படியானால் அவர்களுக்குப் போடிமெட்டு தேவையில்லை, கடற்கரைச் சாலை போதும்.

கூலி வேலைக்காரர்கள் நிறைந்த மாவட்டத்தில் கோடி ரூபாய்க் கார்களைப் பற்றி எதற்குப் பேச்சு என்று கேட்கலாம். கூரையைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதே அவர்களால்தான். விடியற்காலையில் கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறும் ஜீப்புகளைத் தேனி மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. பெரும்பாலும் பெண்கள், மடியில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு. மேலே படுதா, பின்பக்கம் திறப்பு. அளவுக்கு மீறி ஏற்றுவதும், பின்படியில் தொற்றிக்கொண்டு போவதும், ஒரு விபத்து நடந்தால் சில நாள் சோதனை கடுமையாவதும், பிறகு பழையபடி ஆவதும் வழக்கமாகிவிட்டது. ஆனி, ஆடியில் மலைமேல் சாரல் இறங்கும்போது பின்னாலிருந்து நனைந்துகொண்டே போகிறார்கள். வேலை முடிந்து அதே ஈரத்தோடு இறங்குகிறார்கள். நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் எழும் பாதுகாப்புத் தண்டு அங்கே இல்லை. பலருக்கு இருக்கைகூட இல்லை. அதே காற்று, அதே ஏலக்காய் மணம், அதே வளைவு, அதே வானம். சுற்றுலா வந்தவர் காசு கொடுத்து வாங்கும் எல்லாமே அவர்களுக்கும் கிடைக்கிறது, மூடிக்கொள்ளும் உரிமையைத் தவிர. திறப்பு தன்னளவில் இன்பம் என்றால், இந்த ஜீப்பில் போகிறவர்கள் நாட்டிலேயே கொடுத்துவைத்தவர்களாக இருக்க வேண்டும். அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். ஏலம் நிழலில் வளரும் பயிர். மரநிழல் குறைந்தால் செடி கருகும் என்று தோட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். செடிக்குப் பார்க்கும் நிழலை, அதன் காயெடுக்கப் போகிறவர்களுக்கும் பார்க்கச் சொல்வது பெரிய கோரிக்கை ஆகாது.

திறந்த ஊர்தியை நான் பழிக்கவில்லை. போடிமெட்டிலும் மேகமலையிலும் மெதுவாக, காலையிலோ மாலையிலோ, தாழ்ந்த குரலில் போகும் கூரையில்லா ஊர்திக்கு முழு நியாயம் இருக்கிறது. அது பத்து லட்சத்து ஜீப்பாக இருந்தாலும் இரண்டு கோடிக் காராக இருந்தாலும். இந்தச் சாலைகளில் ஊர்தி நுட்பத்துக்கு முதலில் வேலை இருக்கும் இடம் வேறு என்கிறேன். பின்பக்கம் தாழிடும் கதவு, பக்கவாட்டில் இறக்கிவிடத்தக்க கண்ணாடி அல்லது கெட்டித் திரை, உருண்டால் நொறுங்காத கூண்டுச் சட்டம், ஆளுக்கு ஒரு இருக்கையும் ஒரு பட்டையும். இவற்றில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எல்லாமே பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளில் கிடைப்பவை. 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்ட போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்தது. அதுவே முடிந்தபோது, காலை ஐந்து மணிக்குப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலைக்குப் போதுமான பேருந்துகள் ஏன் ஓடக் கூடாது என்று இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். அதுவரை, விடிகாலையில் முந்தல் தாண்டி ஏறும் ஜீப்புக்கு, மேலிருந்து இறங்கி வரும் எந்தக் காரும் வளைவில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும்; மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்று விதி ஏற்கெனவே சொல்கிறது.